வராமல் போன ரோந்துச் சீட்டு

குருத்து ஞாயிறு பூசை முடிந்து, குருத்தோலைக்குப் பதிலாக இத்தாலியில் கொடுக்கும் ஒலிவ் கிளையோடு கோயில் படியால் இறங்கும்போது எமிலியானுஸைப் பிடித்தார்கள். பிடித்தது பொலிஸ் இல்லை. அவன் வேலை செய்யும் காவல் கொம்பனியின் ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் நெடுநாள் கூட்டாளியைப் போலத் தோளில் கைபோட்டான். மற்றவன் ஒலிவ் கிளையை வாங்கி, பக்கத்தில் நின்ற மனைவி யோசப்பினிடம் நீட்டினான்.

"சிஞ்ஞோரா, இவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமாட்டான்."

யோசப்பின் அவனைப் பார்க்காமல் புருசனைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "றொஜர் விடிய வேலை முடிஞ்சு இன்னும் வீட்டை வரேல்லை. அவன் எங்கை எண்டு கேளுங்கோ."

கேட்கத் தேவை இருக்கவில்லை. அவள் தம்பியின் பெயர் காதில் விழுந்ததுமே காவல்காரன் சிரித்தான். "றொஜரும் எங்களோடைதான்."

எமிலியானுஸ் பேசாலைக்காரன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிக்கத் தொடங்கி, ஷெல்லுக்குள் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவன். பலெர்மோவில் முதல் வேலை லிபெர்த்தா வீதியில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டித் தூக்கிக் கிடத்துவது. அந்த வீட்டுப் பேரன் வேண்டாமென்று மூலையில் போட்ட கொம்பியூட்டரில், கிழவர் நித்திரையான நேரங்களில் தட்டித் தட்டியே புரோகிராம் எழுதப் பழகினான். தொண்ணூற்றிரண்டில் நகரத்தில் மாபியாக்காரரின் குண்டுகள் வெடித்தபின் காவல் கொம்பனிகளுக்கு நல்ல காலம் பிறந்தது. கால்சாப் பகுதியில் கொம்பனி வைத்திருந்த ஸ்கலீசி மலிவாக ஒரு புரோகிராம்காரனைத் தேடினார். எமிலியானுஸ் அகப்பட்டான்.

ஸ்கலீசியிடம் அவன் கற்ற பாடம் ஒவ்வொன்றும் உடம்பில் எழுதப்பட்டது. ஒருமுறை பிரதி எடுக்காமல் புரோகிராமில் கைவைத்து, ஒரு கிழமை வேலை முழுக்க அழிந்தது. ஸ்கலீசி எறிந்த சாம்பல் கிண்ணம் புருவத்தைப் பிளந்தது. அன்றையிலிருந்து முதலில் பிரதி, பிறகுதான் வேலை. இன்னொருமுறை அவசரத்தில் மூன்று இடத்தைச் சேர்த்து மாற்றினான். எந்த மாற்றம் எல்லாவற்றையும் குழப்பியது என்று அவனுக்கே விளங்கவில்லை. அதற்கு மேசை லாச்சியில் விரலை வைத்து மூடினார். அன்றையிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மனிசன் கெட்டவர் என்று எமிலியானுஸ் வீட்டில் சொன்னதில்லை. "கொஞ்சம் கை நீட்டுவார், அவ்வளவுதான்" என்பான். யோசப்பின் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுப்பாள்.

போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு அவன் எழுதிக் கொடுத்ததுதான் ரோந்துப் புரோகிராம். துறைமுகத்துப் பக்கத்துக் கிட்டங்கிகளில் இரவில் தனித்தனிக் காவலாளிகள் இருப்பார்கள். ரோந்துக் கார் இடையிடையே போய் அவர்களைப் பார்க்கவேண்டும். எந்த நேரம் எங்கே போவது என்பது கள்ளருக்குத் தெரியாமல் இருக்க, ஸ்கலீசி கிழமைக்குக் கிழமை நேரங்களை மாற்றிக் கொம்பியூட்டரில் போட்டுவிடுவார். உரிய நேரம் வரும்போது பிரிண்டர் ஒரு சீட்டைத் துப்பும். அதைக் கிழித்து வயர்லெஸ்ஸில் வாசிக்கிறவன் றொஜர். அத்தான் சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை. சீட்டு வந்தால் கார் போகும், வராவிட்டால் கார் அசையாது. இதுதான் கொம்பனியின் சட்டம்.

நேற்றிரவு இரண்டரைக்கு ஒரு சீட்டு வரவேண்டியிருந்தது. வரவில்லை. அந்தக் கிட்டங்கியைக் கள்ளர் உடைத்தார்கள். உள்ளே இருந்த நீனோவை இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டு, ஆறுதலாகச் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். விடியும்வரை நீனோ சீமெந்து நிலத்தில் கிடந்தான். இடக்கண் போய்விட்டது.

ரோந்துக் காரில் சீட்டுக்காகக் காத்திருந்தவன் நீனோவின் தமையன் வித்தோ. இரண்டு தெரு தள்ளித்தான் நின்றிருக்கிறான்.

கொம்பனியின் கராஜுக்குள் எமிலியானுஸைத் தள்ளிக் கதவை இழுத்தபோது அவன் முதலில் கண்டது றொஜரின் வாயை. சொண்டு இரண்டாகப் பிளந்து, சேட் முழுக்க இரத்தம். ஒரு காரின் சில்லில் சாய்த்து இருத்தியிருந்தார்கள். வித்தோ காவலாளிகள் வைத்திருக்கும் நீட்டு ரோர்ச் லைற்றோடு நின்றான். மேலே ஒஃபிசில் இருந்த கொம்பியூட்டரையும் பிரிண்டரையும் கீழே இறக்கி, ஆயுதம் துடைக்கும் மேசையில் வைத்திருந்தார்கள். ஸ்கலீசி கதிரையில் குந்தியிருந்து சிகரெட் பத்தினார்.

"எமிலியோ," என்றார், "உன்ரை மச்சான் சீட்டு வரேல்லை எண்டுறான். வித்தோ சொல்லுறான், சீட்டு வந்தது, இவன் கள்ளரிட்டைக் கைநீட்டி வாங்கிப்போட்டு ஒளிச்சவன் எண்டு. உன்ரை மிசின் என்ன சொல்லுது?"

"அத்தான், சத்தியமா வரேல்லை" என்றான் றொஜர். அதற்குள் ரோர்ச் அவன் தோளில் இறங்கியது.

"தமிழிலை கதைக்காதை, துர்க்கு." கறுப்பன், பிறத்தியான், நம்பக்கூடாதவன் எல்லாருக்கும் வித்தோ வைத்திருந்தது அந்த ஒரு சொல்தான்.

இதை இங்கே இப்போதே கண்டுபிடிக்காவிட்டால் றொஜர் இந்தக் கராஜை விட்டு உயிரோடு போகமாட்டான் என்பது எமிலியானுஸுக்கு விளங்கியது. ஆனாலும் கைக்குப் பழக்கம் விடவில்லை.

"முதல்லை ஒரு பிளொப்பி வேணும். பிரதி எடுக்கவேணும்."

"நேரத்தைக் கடத்துறான்" என்று வித்தோ அவன் பிடரியில் அறைந்தான். மூக்கு விசைப்பலகையில் மோதியது. ஸ்கலீசி ஒரு பிளொப்பியை மேசையில் எறிந்தார்.

பிரதி எடுத்தான். பிழை ஒன்றைப் பிடிக்கவேண்டுமென்றால் அதை இன்னொருக்கா கண் முன்னால் நடக்கவைக்க வேண்டும். கொம்பியூட்டர் மணிக்கூட்டை நேற்றிரவுக்குத் திருப்பி, இரண்டரைக்கு ஒரு நிமிசம் இருக்க விட்டான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டரை ஆனது. பிரிண்டர் கரகரத்து ஒரு சீட்டைத் துப்பியது.

 எமிலியானுஸ் அதைக் கிழித்து நேரத்தைப் பார்த்தான். இரண்டரைதான்.

"பாத்தியளோ?" என்றான் வித்தோ. குரல் உயரவில்லை. "அச்சடிக்குது. பிழை இல்லை. அப்ப கிழிச்சு ஒளிச்சது ஆர்?"

அவன் றொஜரின் இடக்கையை இழுத்துக் கார்க் கதவின் இடுக்கில் வைத்துக் கதவை உதைத்து மூடினான். எலும்பு நொறுங்கிய சத்தம் மற்றப் பக்கம் மேசையில் இருந்த எமிலியானுஸுக்கே கேட்டது. றொஜரின் அலறல் பிறகுதான் வந்தது. வித்தோ கதவைத் திறந்து, மற்றக் கையைப் பிடித்தான்.

"பொறு. இன்னும் முடியேல்லை." எமிலியானுஸ் எழும்பிக் குறுக்கே நின்றான். ரோர்ச் விலாவில் பட்டது. நின்றான். "நான் பாத்தது பிழை. நான் நினைச்சதைத்தான் பாத்தனான், நடந்ததைப் பாக்கேல்லை. அவனிட்டைக் கேக்க விடு. ஒரே ஒரு கேள்வி."

ஸ்கலீசி தலையாட்டினார்.

எமிலியானுஸ் குந்தி, மச்சானின் முகத்தைக் கையில் ஏந்தினான். என்ன நடந்தது என்று அவன் ஒருக்காலும் ஆட்களிடம் கேட்பதில்லை. கேட்டால் அவரவர் ஒரு கதை சொல்வார்கள். என்ன செய்தாய் என்றுதான் கேட்பான்.

"றொஜர், கண்ணைத் திற. இரவு வந்து குந்தினதிலை இருந்து நீ என்னென்ன செய்தனி? ஒண்டும் விடாமல் சொல்லு."

"கோப்பி குடிச்சனான். ஒரு மணிச் சீட்டு வந்தது, வாசிச்சனான். பிறகு..." றொஜர் இரத்தத்தை விழுங்கினான். "பிறகு ரெண்டு மணிக்குக் கொம்பியூட்டர் மணிக்கூட்டை மூண்டு ஆக்கினனான். கோடை நேரம் அல்லோ. சிஞ்ஞோர்தான் பின்னேரம் சொல்லிவிட்டவர், மறக்காதை எண்டு."

எமிலியானுஸ் அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான். இத்தாலியில் பங்குனிக் கடைசி ஞாயிறு வந்தால் எல்லாரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளுவார்கள். அவனும் வருசா வருசம் கைமணிக்கூட்டைத் தள்ளித்தான் வைக்கிறான். ஆனால் அந்தப் புரோகிராமை எழுதியபோது தலைக்குள் ஓடியது ஊர் மணிக்கூடு. பேசாலையில் நேரத்தை ஒருவரும் தள்ளுவதில்லை. ஆமி வந்தாலும் ஷெல் விழுந்தாலும் ஒன்றுக்குப் பிறகு இரண்டு வரும், இரண்டுக்குப் பிறகு இரண்டரை வரும். அதைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவேயில்லை.

மேசைக்குத் திரும்பினான். மணிக்கூட்டை இரண்டுக்குச் சற்று முன்னால் வைத்தான். இரண்டு ஆனதும் மூன்று என்று அடித்தான். பிரிண்டர் அசையவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது அசையவேயில்லை.

ஸ்கலீசியின் சிகரெட் பாதி வழியில் நின்றது. மணிக்கூட்டைத் தள்ளச் சொன்னது தான்தான் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எமிலியானுஸ் அவரைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும், வித்தோ அந்தப் பக்கம் திரும்புவான். திரும்பினால், இதைக் கண்ட இரண்டு தமிழரையும் ஸ்கலீசி வெளியே விடமாட்டார் என்றும் தெரிந்தது. அதோடு, பிழை அவரில் என்பது உண்மையும் இல்லை.

"வித்தோ, பெடியனை விடு. அவனுக்குச் சீட்டு வரேல்லை. நேற்று இரண்டரை எண்டொரு நேரமே வரேல்லை. ரெண்டிலை இருந்து நேரை மூண்டுக்குப் போட்டுது. இரண்டரை ஆகிற நொடியிலை அடி எண்டு நான் மிசினுக்கு எழுதினனான். இரண்டரை தாண்டினாலும் அடி எண்டு எழுதியிருக்கவேணும். பிழை என்ரை."

"உன்ரை."

"ஓம். என்ரை."

வித்தோ யோசித்தான்.  பிறகு ரோர்ச்சால் அவன் முகத்தில் அடித்தான். விழுந்தவனை வயிற்றில் உதைத்தான். எமிலியானுஸ் கையால் தலையை மூடினான். அந்தக் கையில் அடி விழுந்தது. வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாக உணர்வு கெட்டன. வாய்க்குள் ஒரு பல் கழன்று உருண்டது. வித்தோ ஒவ்வொரு அடிக்கும் தம்பியின் பெயரைச் சொன்னான். அடிக்க அடிக்க அவன்தான் அழுதான்.

"காணும்" என்றார் ஸ்கலீசி. "இண்டைக்கு இரவும் கிட்டங்கியளிலை ஆக்கள் இருக்கினம். இவன் வேணும்."

எமிலியானுஸைத் தூக்கி மேசைக்கு முன்னால் இருத்தினார்கள். வலக்கை புளித்த பாண் மாவைப்போல வீங்கியிருந்தது, இடக்கை தோளிலிருந்து தூக்க வரவில்லை. இடக்கண் பாதி மூடியிருந்தது. றொஜரின் வலக்கை ஒன்றுதான் இரண்டு பேருக்கும் மிச்சம்.

"நீ அடி, நான் சொல்லுறன்" என்றான் மச்சானிடம். "முதல்லை பிரதி."

பிளொப்பியைத் தேடினார்கள். அது நிலத்தில் இரத்தத்துக்குள் கிடந்தது. வித்தோ குனிந்து எடுத்து, காற்சட்டையில் துடைத்து நீட்டினான்.

"அந்த வரியிலை ஒரு சமன் குறி நிக்குது. அதுக்கு முன்னாலை பெரிசு எண்ட குறியைப் போடு."

"அது எங்கை கிடக்கு அத்தான்? எனக்கு வயர்லெஸ் மட்டும்தானே தெரியும்."

"கீழை, இடப்பக்கம். வாய் கோணினமாதிரி இருக்கும்."

"இப்ப என்ரை வாய்மாதிரி" என்றான் றொஜர். அந்த நிலையிலும் எமிலியானுஸுக்குச் சிரிப்பு வந்தது. விலா குத்த, நிறுத்தினான்.

மணிக்கூட்டைத் தானே தள்ளப்போவதாக வித்தோ சொன்னான். ஒற்றை விரலால், பிழைவிடப் பயந்தவன்போல அழுத்தினான். இரண்டு மூன்றாகியது. பிரிண்டர் கரகரத்தது. சீட்டு வந்தது. நீனோ இருந்த கிட்டங்கியின் பெயர் அதில் இருந்தது. வித்தோ அதைக் கிழித்து வாசித்தான்.

"இது நேற்று வரவேண்டியது" என்றான்.

அதற்குள் அடுத்த சீட்டு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அதே பெயர். நொடிக்கு நொடி புரோகிராம் மணிக்கூட்டைப் பார்த்தது. இரண்டரை தாண்டிவிட்டது என்று நொடிக்கு நொடி அடித்தது. சீட்டுகள் மேசையால் வழிந்து நிலத்தில் விழுந்தன. ரோர்ச் பக்கம் கை போகிறதா என்று றொஜர் வித்தோவையே பார்த்தான்.

"இன்னும் ஒரு வரி கிடக்கு" என்றான் எமிலியானுஸ், உடைந்த வாயால். "ஒருக்கா அடிச்சால் திரும்ப அடிக்காதை எண்டு சொல்லவேணும். ஒரு நேரத்திலை ஒண்டைத்தான் மாத்துவன், அதுதான்."

"நிப்பாட்டு அதை, விசர் பிடிக்குது" என்றார் ஸ்கலீசி.

"விடு" என்றான் வித்தோ. "வரட்டும். எத்தினை தரம் வந்தாலும் போவன்."

அவன் பிரிண்டருக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கிழித்தான். ஒவ்வொன்றையும் வாசித்தான். வாசித்ததைச் சேட்டுப் பையில் வைத்தான். பை நிரம்பியதும் கையில் பிடித்துக்கொண்டான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. தாள் முடிந்து பிரிண்டர் வெறுமனே இரையத் தொடங்கும்வரை எமிலியானுஸ் பொறுத்திருந்தான்.

"இனி அடுத்த வரி" என்றான் றொஜரிடம்.