முன்னால் நின்ற பூஜ்யம்

எதுவும் கலைந்து கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ரயிலில் யாரோ படித்துப் போட்டுவிட்டுப் போன பேப்பரைக்கூட மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு இரண்டே அறைகள். எந்த டப்பா எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தக் குணம்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. இதே குணம்தான் ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவை அழவும் வைத்தது.

பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் ரயில், மீதி நாள் வீட்டிலிருந்தபடியே. இப்போது இருப்பிடச் சான்று மாதிரியான காகிதங்கள் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கையெழுத்தாகி வருகின்றன அல்லவா? கல்லூரியோ ஆஸ்பத்திரியோ, விண்ணப்பம் வாங்குகிற இணையதளம் அந்தக் கையெழுத்து உண்மையா என்று பார்க்க வேண்டும். பார்ப்பது எங்கள் புரோகிராம். அந்தக் காகிதத்துக்குள்ளேயே இன்னொரு சான்று மடித்து வைத்திருக்கும். ‘இந்தக் கையெழுத்து இன்ன அதிகாரியுடையதுதான்’ என்று மேலே உள்ள ஒரு அமைப்பு முத்திரை குத்திக் கொடுத்த சான்று. அந்த உள்சான்றைப் பிரித்துப் படிக்கிற பகுதி என்னுடையது.

அதன் உள்கட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பார்வைக்கு வெறும் எண்களின் வரிசை. முதல் எண், உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும். அடுத்தது, அது எவ்வளவு நீளம் என்று சொல்லும். அதற்கப்புறம்தான் சரக்கு. சரக்கைப் பிரித்தால் அதற்குள்ளும் ஒரு வகை, ஒரு நீளம், ஒரு சரக்கு. முப்பது என்று வந்தால் மூட்டை. இரண்டு என்று வந்தால் உள்ளே ஒரு எண் இருக்கிறது. ‘முப்பது, எண்பத்திரண்டு’ என்று தொடங்கினால் பெரிய மூட்டை. நீளத்தைச் சொல்லவே இன்னும் இரண்டு இடம் வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எந்தத் தேதிவரை செல்லும், வரிசை எண் என்ன, எல்லாம் மூட்டைக்குள் மூட்டையாக இருக்கும். ஒருமுறை ரயிலில் வாய்விட்டே இப்படிப் படித்துக்கொண்டு வந்தேன். பங்காருபேட்டையில் ஏறிய ஒரு அம்மா கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, “இன்னாம்மா, லாட்டரி நம்பரா? எனக்கும் ஒண்ணு சொல்லு” என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் மூன்று வாரமாக எனக்குச் சில புகார்கள் வந்துகொண்டிருந்தன. ‘என் சான்று உண்மையானது, உங்கள் தளம் செல்லாது என்கிறது’ என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். ஏழும் எங்கள் ஊர்ப் பக்கம். ஒருவர் பக்கத்துச் சுரங்கப் பகுதியான கோரமண்டல், ஒருவர் நாலு லைன் தள்ளி. வெளியூரிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இதைப் பார்த்து வேறு யாராவது என்றால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நான் யோசித்த விதமே வேறு. ஆபீஸில் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். “தங்கம் வெட்டின ஊரா? பர்ஸை உள்ளே வைங்கப்பா” என்பார்கள். நானும் கூடவே சிரித்துவைப்பேன். சிரித்துச் சிரித்து அது எனக்குள்ளேயே இறங்கிவிட்டது போலிருக்கிறது. ஏழும் ஒரே ஊர் என்றதும், யாரோ ஒரு பிரௌசிங் சென்டர்க்காரன் போலி அச்சடித்துக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். சொந்த ஊர் என்று சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு வேறு. புகாரை மூடும்போது காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ‘தெளிவில்லை’, ‘காலாவதி’, ‘போலி ஆவணம்’ என்று மூன்று இருந்தன. ஏழுக்கும் ‘போலி ஆவணம்’ போட்டு மூடினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூசியைத் தூக்கிக்கொண்டு வந்ததால் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அக்கா தட்டினார். பின்னால் அவர் மகள், கையில் போன். நர்ஸிங் முடித்த பெண். பெங்களூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சான்றுகளை ஏற்ற அன்று மாலை ஐந்து மணி கடைசி.

“இன்னாமோ சிவப்பா காட்டுது. நீ இந்த வேலதான செய்ற, கொஞ்சம் பாரும்மா” என்றார் அக்கா.

பார்த்தேன். இருப்பிடச் சான்றுக்கு எதிரே ‘கையொப்பம் செல்லாது.’ எங்கள் புரோகிராம் காட்டுகிற அதே சிவப்பு, அதே எழுத்து.

நான் கேட்ட முதல் கேள்வி இது: “இத எங்கக்கா வாங்குனீங்க?”

அக்கா புரியாமல் பார்த்தார். “எங்க வாங்குவாங்க? தாலூகா ஆபீஸ்லதான் எழுதிக் குடுத்தோம். வந்துச்சி.”

“நடுவுல யார்கிட்டயாவது குடுத்தீங்களா? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா.”

சொன்ன உடனே அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போனது. “அப்ப நான் பொய் சொல்றனா?” என்று அவள் கேட்கவில்லை. அக்காதான் கேட்டார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருக்கிறோம். என் சாவி அவர் வீட்டில்தான் தொங்கும். “வாடி போலாம்” என்று மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனால் அப்போதும் நான்தான் சரி என்றிருந்தேன்.

போனைக் காட்டியபோதே அந்தப் பெண் எனக்கு அனுப்பிய கோப்பு என்னிடம் இருந்தது. நியாயத்துக்காக அதைத் திறந்தேன் என்று சொன்னால் பொய். திருடன் எப்படிச் செய்திருக்கிறான் என்று பார்க்கிற ஆசையில் திறந்தேன். இவ்வளவு மூட்டைகளையும் சரியாகக் கட்டி, கடைசி முத்திரையில் மட்டும் மாட்டிக்கொண்ட போலி என்றால் அவன் கெட்டிக்காரன்தான். எந்த இடத்தில் கோட்டைவிட்டான்?

அதிகாரியின் உள்சான்றை வெளியே எடுத்து எண் எண்ணாகப் படித்தேன். முப்பது, எண்பத்திரண்டு. சரி. கொடுத்தவர் பெயர் சரி. தேதி சரி, போன மாதம்தான் புதுப்பித்திருக்கிறார்கள். நீளங்கள் ஒன்றுவிடாமல் கூட்டிப் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. இவ்வளவு ஒழுங்கான போலியை நான் பார்த்ததே இல்லை. காபி ஆறிப்போனது தெரியவில்லை.

என் புரோகிராம் ஒரு வேலை செய்யும். வந்த மூட்டையைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் சுத்தமாக அடுக்கி, மறுபடி கட்டி, அப்படிக் கட்டியதன் மேல்தான் முத்திரையைச் சரிபார்க்கும். நான் வைத்த ஒழுங்கு அது. வந்த மூட்டையையும் நான் கட்டிய மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் ஒரு எண் குறைந்தது.

வரிசை எண் இருக்கும் இடம். அவர்கள் அனுப்பியதில் அதன் முன்னால் ஒரு பூஜ்யம் இருந்தது. நான் கட்டியதில் இல்லை. என் புரோகிராமில் தேடினேன். ‘முன்னால் வரும் வீண் பூஜ்யங்களை நீக்கு’ என்று ஒரு வரி. என் கையால் எழுதியது. எப்போதோ ஒரு மட்டமான சான்று தேவையில்லாத பூஜ்யங்களோடு வந்து கடுப்பேற்றியதில் எழுதினேன். வீட்டைப் பெருக்குகிற மாதிரி அதையும் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

ஆனால் இந்தப் பூஜ்யம் வீண் இல்லை. இந்த முறையில் ஒரு எண்ணின் முதல் இடம் ஓர் அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால், அது பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண் என்றாகிவிடும். அப்படி ஆகாமல் இருக்க முன்னால் ஒரு பூஜ்யத்தை நிறுத்துவார்கள். விதி எனக்குத் தெரியும். பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவேன். நாங்கள் சோதனைக்கு வைத்திருந்த சான்றுகளில் எல்லாம் வரிசை எண் சின்னது. அங்கே இது மாட்டவில்லை. போன மாதம் எங்கள் தாலூகா அதிகாரிக்குப் புதிதாக வந்த சான்றில் எண் பெரியது. அன்றிலிருந்து அவர் கையெழுத்து போட்ட ஒவ்வொரு காகிதமும் என்னிடம் வந்து போலியானது. அதனால்தான் ஏழும் எங்கள் ஊர்.

திருடனைத் தேடி நான் என் வீட்டுக் கதவிலேயே வந்து நின்றேன்.

மணி பன்னிரண்டு. மேனேஜருக்குப் போன் போட்டேன். “தப்பு என்னுடையது” என்று ஆரம்பித்தால் பேச்சு சுருங்கிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்த வரியை எடுத்தேன். கூடவே, பிரித்துக் கட்டும் வேலையையே நிறுத்தினேன். எப்படி வந்ததோ அப்படியே, ஒரு எண்ணையும் தொடாமல், அதன் மேல்தான் இனி முத்திரையைப் பார்க்க வேண்டும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. ஆபீஸில் மற்றவர்கள் சோதித்துப் பார்த்துத் தளத்தில் ஏற்ற மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார்கள். ஐந்துக்குள் முடியுமா முடியாதா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். நாலு எட்டுதான். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

“அக்கா, காயிதம் சரிதான். என்னோடது தப்பு. நம்பருக்கு முன்னாடி ஒரு பூஜ்யம் இருந்துச்சி. தேவையில்லன்னு நான் எடுத்துட்டேன். அத எடுத்தா மேல இருக்க வேண்டிய நம்பர் கீழ போயிடும்.”

இதைப் புரியவைக்க அரை மணி நேரமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். அக்கா கையை உதறிவிட்டுச் சுவரைக் காட்டினார். காலண்டர் ஆணியில் காலண்டருக்குப் பின்னால் அவர் கணவருக்கு மைனில் ஆள் கணக்குக்காகக் கொடுத்த பித்தளை டோக்கன் தொங்கியது. அவர் இப்போது பெங்களூரில் வாட்ச்மேன். மைன் மூடும்வரை அங்கே வேலை.

“அவுரு வேல செஞ்ச ஷாஃப்டுல, பூமிக்கு மேல வேல செய்றவங்க டோக்கன்ல முன்னால பூஜ்யம் அடிச்சிருக்கும். கீழ எறங்குறவங்களுதுல இருக்காது. கையில அடிபட்டு இவுரு பத்து நாளு மேல ஒர்க்ஷாப்புல இருந்தாரு. புது கிளார்க்கு ஒருத்தரு பூஜ்யத்த உட்டுட்டு நோட்டுல எழுதிட்டாரு. ஷிஃப்ட் முடிஞ்சி எல்லாரும் மேல வந்துட்டாங்க, இவுரு மட்டும் வரலன்னு கணக்கு. ஆளுங்க போற கேஜ திருப்பி இறக்கி, கீழ லெவல் லெவலா தேடுறாங்க. எனக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம். ஷாஃப்டு வாசல்ல உக்காந்து நான் அழுவுறேன். இந்த மனுஷன் கேன்டீன்ல போண்டா துன்னுகினு கீறாரு.”

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. நாலு படிப்பு படித்து நான் கோட்டைவிட்டதை அக்கா ஒரு பித்தளை வில்லையில் முப்பது வருஷமாக மாட்டி வைத்திருந்திருக்கிறார். காலண்டரைக் கொஞ்சம் தள்ளி அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவர் கீழே இறங்கிய நாட்களின் டோக்கன் போலிருக்கிறது, பூஜ்யம் இல்லை.

பிறகு அக்காவின் சிரிப்பு நின்றது. “தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா நீ இன்னா கேட்ட? எங்க வாங்குனீங்கன்னு கேட்ட. என்னப் பாத்து.”

மன்னிச்சிடுங்கக்கா என்று மட்டும் சொன்னேன். அக்கா அரிசியை உலையில் போட்டார். “சாப்ட்டியா?” என்றார்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் அவர்கள் வீட்டிலேயே அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்குச் சிவப்பு. மூன்றரைக்குச் சிவப்பு. நாலு மணிக்கு அந்தப் பெண், “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா” என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னாள். நாலு இருபத்தைந்துக்கு ஆபீஸிலிருந்து ஏற்றியாகிவிட்டது என்று செய்தி வந்தது. அவள் போனை என்னிடம் நீட்டினாள், நான்தான் மறுபடி ஏற்றினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பச்சையாக மாறியது.

அந்தப் பெண் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் விலக மனம் வரவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “கேஜு மேல வந்துட்டா மட்டும் போதுமா? எத்தினி பேரு இன்னும் கீழ கீறாங்க?”

ஏழு பேர். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு புகாராகத் திறந்தேன். நாலு பேருக்கு விண்ணப்பிக்க இன்னும் தேதி இருந்தது. மூன்று பேருக்கு முடிந்துபோயிருந்தது. கோரமண்டல்காரருக்கு முந்தின நாள்தான். ஏழு பேருக்கும் எழுத வேண்டும், மூடிய காரணத்தை மாற்ற வேண்டும். மாற்றப் போனால் பட்டியல் விரிந்தது: தெளிவில்லை, காலாவதி, போலி ஆவணம். அந்தப் பட்டியலை எழுதியவளும் நான்தான். ‘எங்கள் தவறு’ என்று ஒன்று வரக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் அதைச் சேர்த்தேன்.