சுவரைப் பார்த்திருந்த அந்தோனியார்

டொறத்தி அக்கா தன் வீட்டு அந்தோனியாரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து அப்போது பதினொரு மாதம் ஆகியிருந்தது. அலுமாரிக்கு மேலே இருக்கும் ஒரு முழ உயரச் சுரூபம். கேட்டது கிடைக்கும்வரை புனிதரை இப்படித் திருப்பி வைப்பது அவருடைய அம்மா வழி வழக்கமாம். பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணான எனக்கு இதெல்லாம் புதிது.

"பாவமில்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"என்ன பாவம்? எனக்குக் கோவம் எண்டு அவருக்கு விளங்க வேணாமா?" என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போய் அதே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் வந்ததில்லை.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். புருஷன் பேதுரு எழுந்து நடக்க வேண்டும்.

பேதுரு அண்ணன் கடலடிக்கு மூழ்கிக் கடலட்டை பிடிக்கும் சுழியோடி. யுத்தம் முடிந்து கடல் திறந்த பிறகு, கற்பிட்டிப் பக்கத்தில் அவரைப்போல ஆழம் போனவர் குறைவு. அந்தப் பெருமையை அவர் வாயாலேயே நூறு தரம் கேட்டிருக்கிறேன். கத்தோலிக்க ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அட்டை கூடுதலாகக் கிடைக்கிறது என்று இவர் ஒரு ஞாயிறு உச்சமுனைப் பக்கம் போனார். அன்று பின்னேரம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. பிந்தி வந்துவிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள்.

"ஞாயிறு இறங்கினேன், ஆண்டவர் அடிச்சிட்டார்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். பிறகு அதையும் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பாதர் நற்கருணை கொண்டு வந்தால் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். ஆக, அந்த வீட்டில் இரண்டு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவர்மேல் இரக்கத்தைவிட எரிச்சல்தான் வந்தது. முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டிய தொண்ணூறில், ஐந்து வயதுத் தம்பி அஸ்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பையோடு மன்னாரிலிருந்து வந்தவள் நான். முடங்கிப் படுக்க எங்களுக்கு யார் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள்?

டொறத்தி அக்காவுக்கும் படுக்க நேரமில்லை. விடிந்ததும் கரைக்குப் போய் மீன் வெட்டி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, கருவாட்டை ஒற்றைச் சில்லு வண்டிலில் தள்ளிக்கொண்டு வருவார். மாலையில் கட்டிலருகே உட்கார்ந்து செபமாலை சொல்வார். அது இரண்டு பேர் சொல்லவேண்டிய செபம். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியை மற்றவர் சொல்லவேண்டும். புருஷன் வாய் திறக்காததால் அவருடைய பாதியையும் அக்காவே சொல்வார். ஆனால் ஒவ்வொரு தரமும் நடுவில் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அந்த இடைவெளி என் குசினிவரை கேட்கும்.

"ஆண்டவர் அடிச்சவர் எண்டு அவர் சொல்றாரே" என்று ஒரு நாள் நான் வாய் விட்டேன்.

"ஒரு ஞாயிறுக்காக ஒருத்தன்ட காலப் பறிக்கிற ஆண்டவரெண்டா, நான் ஏன் அவரிட்டப் போகோணும்? சிலுவையில தொங்கினவருக்கு நோவு எண்டா என்னெண்டு தெரியும் மர்ளியா. அவர் எங்கட பக்கம்."

அது 2015 மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் கரையிலிருந்து செய்தி வந்தது. அட்டைக்குச் சுழியோடப் போயிருந்த அஸ்மி ஆழத்திலிருந்து அவசரமாக ஏறிவிட்டானாம். தோளில் நோவு, கால் விறைக்கிறதாம். நான் அலறிக்கொண்டு டொறத்தி அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, அஸ்மிக்கு ஏலாதாம்! திரும்பக் கடலுக்குள்ள இறக்கப் போறாங்களாம், நோவு போயிருமாம்!"

எங்கள் கரையில் எல்லோரும் செய்வது இதுதான். உடம்பு நொந்தால் புதுக் காற்றுச் சிலிண்டரைக் கட்டித் திரும்ப இறக்குவார்கள். சிலருக்கு நோவு போயிருக்கிறது. அதை நம்பித்தான் மற்றவர்களையும் இறக்குவார்கள்.

"ஆர் இறக்கச் சொன்னது?" உள்ளேயிருந்து பேதுரு அண்ணனின் குரல் வந்தது.

"படகுக்கார ஜௌபர் காக்கா."

"டொறத்தி, என்னத் தூக்கு."

அக்கா நம்பாமல் நின்றார்.

"தூக்கு எண்டு சொன்னன்!"

கருவாட்டு வண்டிலில் அவரை ஏற்றி இருவரும் தள்ளினோம். மணலில் சில்லு புதைந்தது. அக்கா முன்னால் போய் இழுத்தார், நான் பின்னால் முட்டுக் கொடுத்தேன். கரையில் ஜௌபர் காக்கா என் தம்பியின் முதுகில் சிலிண்டர் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஜௌபர், அத அவிழ்!" என்று பேதுரு அண்ணன் கத்தினார். "என்ட காலப் பாரு! ஞாயிறு இறங்கினதால வந்ததெண்டு ஊருக்கெல்லாம் சொன்னன். அது பொய். எனக்கும் தோள்தான் நொந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாம ரெண்டாந்தரம் இறங்கினன். ஏறி வரேக்க கால் இல்ல!"

ஜௌபர் காக்கா பட்டியை அவிழ்த்தார்.

"படுக்க வச்சுக் கொண்டு போங்க. சுழியோடினவன் எண்டு டொக்டரிட்ட முதல்லயே சொல்லுங்க. ஒட்சிசன் குடுக்கச் சொல்லுங்க" என்றார் பேதுரு அண்ணன்.

அஸ்மியை வாகனத்தில் ஏற்றி அனுப்பினோம். வண்டிலைத் திருப்பும்போது டொறத்தி அக்கா புருஷனை ஏசத் தொடங்கினார்.

"பதினொரு மாசம் ஆண்டவர்ல பழியப் போட்டுட்டுப் படுத்திருந்தீங்களே! என்னட்டயும் மறைச்சிட்டீங்களே!"

"என்ட பிழை எண்டு உனக்கு எப்பிடிச் சொல்றது?" என்று அவர் அழுதார். அக்காவும் அழுதுகொண்டே வண்டிலைத் தள்ளினார்.

ஒன்பதாம் நாள் என் தம்பி தன் காலால் நடந்து வந்தான். வட்டிலப்பம் செய்து எடுத்துக்கொண்டு அவனோடு பேதுரு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவன் காலடியைக் கேட்டதும் அவர் சுவரை விட்டுத் திரும்பினார்.

"அண்ணன், ஆர் எவ்வளவு நேரம் கீழ இருக்காங்க எண்டு படகிலிருந்து மணி பாத்துச் சொல்ல ஆள் வேணுமாம். ஜௌபர் காக்கா கேக்கச் சொன்னார். நாளைக்கு வருவீங்களா? தூக்கி ஏத்த நாங்க ஈக்கிறம்" என்றான் அஸ்மி.

பேதுரு அண்ணன் அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்:

"அந்தோனியாரத் திருப்பி வை."

"நீங்க இன்னும் நடக்கல்லியே. அவரோட என்ட சண்டை முடியல்ல."

"சண்டையப் பிறகு பிடி. நாளைக்கு நான் கடலுக்குப் போறன். நான் போறத அந்த மனுசன் பாக்க வேணாமா?"

அக்கா கதிரையில் ஏறிச் சுரூபத்தை வாசல் பக்கம் திருப்பினார். பதினொரு மாதத் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நாங்கள் இன்னும் முற்றத்தைத் தாண்டவில்லை, செபமாலை தொடங்கிவிட்டது. அக்கா முதல் பாதியைச் சொல்லி, வழக்கம்போல் கொஞ்சம் பொறுத்தார். பிறகு அவருடைய பாதியைச் சொல்ல வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். பேதுரு அண்ணன் சொல்லத் தொடங்கியிருந்தார்.