சில்வெஸ்டர் மேசனின் நடை

நடுப்பகல் வெயிலில், தார்றோட்டில், வெறுங்காலோடு போய்வந்துகொண்டிருக்கிறார் சில்வெஸ்டர் மேசன். ஓகஸ்ட் பிறந்தால் இப்படித்தான். திருவிழாவுக்கு ஆயித்தியமலை மாதா கோயில்வரை நடந்து போகப் பாதத்தைப் பதப்படுத்துகிறார். இளந்தாரி வயதில் குடித்துத் திரிந்ததற்கான பரிகாரம் அது. வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தல்களில் எல்லோரும் உட்கார, அவர் நின்றபடியே குடிப்பார். சர்பத்தில் சீனி கூடினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பரிகாரம் இனிக்கக் கூடாதாம்.

கொத்துத் தொழிலிலும் அதே ஆள். சுவர் ஒரு நூல் பிசகினால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். மோட்சத்தையும் அப்படித்தான் கல் கல்லாக அடுக்குகிறார்.

மனைவியின் தம்பி மதுஷன் ஆட்டோ ஓட்டுகிறவன்; மாதா கோயிலை விட்டுச் சபைக்குப் போகிறவன். இரட்சிப்பு இலவசம், அத்தானின் கால் கொப்புளத்துக்குப் பரலோகத்தில் விலை இல்லை என்று சீண்டுவான்.

"வேல செய்யாமக் கூலி வாங்கினா அது களவு, மச்சான்" என்பார் இவர்.

போன வருடம் சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் பிசகியிருந்தது. அப்படியும் புறப்பட்டார். பக்கத்து வீட்டுக்காரனான நானும் கூட நடந்தேன். வலையிறவுப் பாலத்தைத் தாண்டினோம். வவுணதீவுக்கு அப்பால் கால் வீங்கி, மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். மதுஷனின் ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. விடியலிலிருந்து எங்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

மேசன் என்னைப் பார்த்தார். "ஏறிப் போனா இந்த வருச நடைய மாதா ஏத்துக்குவாவா? நீ கம்பஸ் படிச்சவன், சொல்லு மனே."

நான் படித்தது விவசாயம் என்றேன். பிறகென்ன படிப்பு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஏறினார்: நடக்கிற ஆட்களின் வேகத்தில்தான் ஆட்டோ போகவேண்டும். நானும் பக்கத்தில் ஏறிக்கொள்ள, மதுஷன் முதல் கியரிலேயே உருட்டினான். கைக்குழந்தையோடு நடந்த ஒரு பெண்கூட எங்களை முந்திப் போனாள். உள்ளே மேசனின் இரண்டு பாதங்களும் ஆட்டோவின் தரைத் தகட்டில் மாறி மாறி எட்டு வைத்துக்கொண்டிருந்தன.

"அத்தான், நீங்க மிதிக்கிற மிதியில ஆட்டோவுக்கு ஓட்ட விழப்போகுது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இடது பாதம் முதலில் நின்றது.

"கொஞ்சம் கெதியா விடு மச்சான், காத்து வரட்டும்" என்றார்.

பிறகு வீங்கிய காலை இரண்டு கைகளாலும் தூக்கி, மதுஷனின் சீட்டுக்குப் பக்கத்தில் முழுதாக நீட்டிக்கொண்டார்.