தலைவர் தலையைவிடப் பெரிய தலைகள்

தென்காசியில் ஃபிளெக்ஸ் கடை டிசைனராக இருந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதலில் ஃபோட்டோஷாப்பைக் கேட்பார்கள். நான் முதலில் தலை அளவைச் சொல்லுவேன். அரசியல் பேனரில் தலைவர் தலை பெரிது. மாவட்டச் செயலாளர் தலை அதில் பாதி. பேனர் வைப்பவர் தலை அதிலும் பாதி. இதை எவரும் எழுதி வைக்கவில்லை, மீறினால்தான் தெரியும்.

ஒரு தேர்தலுக்கு எங்கள் தொகுதியில் ஒரே கட்சியின் இரண்டு பேர் சீட்டுக் கேட்டார்கள். கனகராஜ் அண்ணாச்சி ஏற்கெனவே மூன்று தேர்தலில் கேட்டு ஏமாந்தவர். இந்த முறையும் விட்டால் வயது இடம் கொடுக்காது. செல்வம் ரியல் எஸ்டேட்காரர், கட்சிக்குப் புதுசு. சீட்டுக்கான நேர்காணல் நடத்தத் தலைவர் குற்றாலம் வருகிறார் என்றதும் இருவரும் என்னிடமே வரவேற்பு பேனருக்கு வந்தார்கள்.

செல்வம் ‘சொன்னதைச் செய்யும் செல்வம்’ என்று போடச் சொன்னார். எப்படியோ கேள்விப்பட்ட அண்ணாச்சி ‘நேற்று முளைத்தவரல்ல’ என்று போட்டார். செல்வம் உடனே ‘கேட்டே காலம் கழித்தவரல்ல’ என்று மாற்றினார். பேனர் அளவுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் அதைக் கூட்ட வழியில்லை. அதனால் தலையைக் கூட்டினார்கள்.

“எம்மா, அவன் தலைய எத்தன அடிக்குப் போட்டிருக்க?” என்றார் அண்ணாச்சி.

“அத நான் சொல்லக்கூடாது அண்ணாச்சி.”

“சரி, சொல்லாண்டாம். அதவிட அரை அடி கூட்டிப் போடு.”

“அப்பொ தலைவருக்கு இடம் பத்தாதே.”

“அவர மேல ஒரு ஓரமா வட்டத்துக்குள்ள வையி. அவரு மூஞ்சி அவருக்குத் தெரியாமலா இருக்கு?”

செல்வமும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேனரிலும் தலைவர் தேங்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டார்.

சாரலில் தலைவர் கார் வந்தது. குற்றாலம் ரோட்டில் கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர், “இந்த ரெண்டு பேர்ல கட்சித் தலைவர் யாருய்யா?” என்று கேட்டாராம்.

கொஞ்ச நேரத்தில், வரவேற்க நின்று நனைந்த இருவரும் ஒரே காரில் கடைக்கு வந்தார்கள். மறுநாள் காலையில் நேர்காணல். அதற்குள் புது பேனர் ஏற வேண்டும். மெஷின் ஒன்று, யாருடையதை முதலில் அடிப்பது என்று அங்கேயும் சண்டை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஒரே பேனர்தான் அடிப்பேன். தலைவர் முழுசா, நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் ஒரே அளவுல. சம்மதம்னா இருங்க.”

“சரிக்கா” என்றார் செல்வம். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார். யார் வாசகத்தைப் போடுவது என்பதில் முடிவு வராததால் ‘வருக வருக’ என்று மட்டும் போட்டேன்.

மறுநாள் தலைவர் அந்தப் பேனரைப் பார்த்து மனம் குளிர்ந்துவிட்டார். நேர்காணலில் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டாராம்.

“இவ்வளவு ஒத்துமையா இருக்கீங்க. அப்ப இந்தத் தொகுதிய கூட்டணிக்குக் குடுத்தாலும் சேர்ந்து வேலை பாப்பீங்க.”

கொடுத்தும் விட்டார். கூட்டணி வேட்பாளருக்கு பேனர் சொல்ல அண்ணாச்சிதான் வந்தார்.

“எம்மா, சண்டை போட்டுக்கிட்டே கெடந்திருந்தா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்காவது கெடச்சிருக்கும்லா” என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே பிள்ளைகளே, கஸ்டமர் தலையைக் கூட்டச் சொன்னால் கூட்டுங்கள், குறைக்கச் சொன்னால் குறையுங்கள். இரண்டு கஸ்டமரை ஒரே பேனரில் சேர்த்து வைக்கும் புண்ணியம் மட்டும் நமக்கு வேண்டாம்.