அலீமாவின் முகம் பார்த்து

தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கிய நெய்னார், புத்தளத்தில் உப்பு அரைக்கும் ஆலையொன்றில் சேர்ந்து, தாடி நரைக்கும்வரை அங்கேயே வேலை பார்த்தார். ஆலை இரைச்சல் அவருடைய காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரிப்பார். பாங்கு நேரத்தை மணிக்கூட்டில் பார்த்துக்கொள்வார். மனைவி அலீமாவும் தெரியாதவள்போல இருந்தாள். ஒருவர் மறைப்பதை மற்றவர் காணாமல் விடுவதும் ஒருவகைக் குடித்தனம்தான்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடத்தில் வேலையை விட்டார். மாதம்பைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக் கொப்பராக் கொட்டிலில் கிடந்த பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை லொறியில் ஏற்றிப் புத்தளத்துக்கு அடுத்த கரைத்தீவில் தான் குடியிருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார். குசினிக்குப் பின்னால் அது மாதக்கணக்கில் துண்டு துண்டாகக் கிடந்தது. துருவைத் தேய்த்தார். டாங்கிக்கு அடியில் வைக்கும் ரப்பரைப் பழைய செருப்பில் வெட்டியெடுத்தார்.

கற்பிட்டியில் கட்டிக்கொடுத்த மகள் ஸஹ்னாவைப் பார்க்கத் தனியாகப் போய்வர வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. பஸ்ஸில் கொண்டக்டர் ஒன்று கேட்பான், இவர் வேறொன்று சொல்வார், சனம் திரும்பிப் பார்க்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவனிடம் யாரும் கதை கேட்பதில்லை.

ஸஹ்னாவோ தாயிடம் போனில் சொல்லியிருந்தாள்: “உம்மா, பின்னால வார பஸ் வாப்பாக்குக் கேக்காது. அத ஓட விட்டுராதீங்க.”

ஒரு காலை எஞ்சின் உயிர்த்தது. கோழிகள் சிதறின. அலீமா றால் உரித்துக்கொண்டிருந்தாள். நெய்னார் கார்பரேட்டர் திருகாணியைத் திருப்பினார், அவளைப் பார்த்தார். புகை பொறுக்காமல் அவள் முகம் சுளித்தாள். உடனே திருகாணியை மறுபக்கம் திருப்பிவிட்டு மறுபடி அவளைப் பார்த்தார். எஞ்சின் இடறுவது அவருக்குக் கேட்கவில்லை. தன் முகத்தைப் பார்த்துத்தான் இந்த மனிதர் எஞ்சினைச் சீர்செய்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது.

பொய் சொல்ல வாய் தேவையில்லை. சத்தம் சீராக வந்த நேரம் பார்த்து அவள் முகத்தைச் சுளித்தாள். அவர் திருகாணியைத் திருப்ப, எஞ்சின் இருமி நின்றது. மீண்டும் உதைத்தார். மீண்டும் அவள் சுளித்தாள். மீண்டும் நின்றது.

நெய்னார் நிலத்தில் குந்தி, எண்ணெய் படிந்த விரல்களை விரித்துப் பார்த்தார். “கையும் போயிட்டுது போல,” என்றார் மெதுவாக.

காது போனதை ஒருநாளும் சொல்லாத மனிதர். அந்த ‘கையும்’ அலீமாவைக் குத்திற்று. றால் சட்டியைத் தள்ளிவைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உதைங்க.”

உதைத்தார்.

அவருக்குக் கேட்கும்படி காதருகே குனிந்து, “திருப்புங்க... இன்னும் கொஞ்சம்... போதும். இதுதான்,” என்றாள்.

எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அவர் அதை நிறுத்திவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

“எப்ப இருந்து தெரியும்?”

“பாண் விக்கிற ஆட்டோ பாட்டுப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்க, பாண்காரன் இன்டைக்கு வரல்லன்டு ஏசினீங்களே, அப்ப இருந்து. உங்கட கைல ஒரு கொறையும் இல்ல. நான்தான் வேணுமென்டு மூஞ்சியச் சுளிச்சன்.”

“ஏன்டி?”

“நீங்க தனியப் போய் மௌத்தாப் போகவா? நானும் பின்னுக்கு ஏறுறன். பஸ் வந்தா தோளுல தட்டுவன்.”

“சைக்கிள்லயே ஏறப் பயப்படுற ஆள் நீ.”

“பயம்தான். அதுக்கென்ன செய்ய ஏலும்?”

“நீ எந்தத் தோளுல தட்டுவா?”

“பயத்துல எதத் தட்டுவனோ தெரியா. தட்டினா ஓரமா நிப்பாட்டுங்க.”

அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டார்கள். தெருமுனை தாண்டுமுன்பே அவள் தட்டினாள். நிறுத்தினார். தலையில் புல்லுக்கட்டுடன் ஒரு கிழவர் சைக்கிளில் அவர்களைக் கடந்து போனார்.

“இதுக்குமா?”

“இதுவும் பின்னுக்குத்தானே வந்தது,” என்று அவர் காதுக்குள் சொன்னாள் அலீமா.