லூசிண்டா ஹேல் என்ற எங்கள் பூட்டி

போன மாதம் என் தம்பி ஒரு இணையப் பக்கத்தை அனுப்பி, 'அக்கா, உனக்க பேருல ஒரு வெள்ளைக்காரி' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தான். திறந்து பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு குடும்பத்தார் தங்கள் வம்சத்தைத் தோண்டித் துருவி எழுதி வைத்திருக்கிற பக்கம் அது. மேற்கே காட்டுவெளியில் குடியேறப் போன லூசிண்டா ஹேல் என்பவளின் வரலாறு. பிறந்த பண்ணை, தாய் தகப்பன், தாயின் தாய், கட்டின புருஷன், அவன் செத்த இடம், அவள் வளர்த்த நாயின் பெயர்கூட இருக்கிறது. கடைசியில் 'இந்தியாவில் ஊழியம் செய்து மரித்தார்' என்று ஒரு வரி. அதன் கீழே எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் படம். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இன்னொரு குறிப்பு: 'இது தன் மூதாதையின் கல்லறை என்று உள்ளூர்ப் பெண் ஒருவர் கூறினார். அதற்கு அவர் ஆதாரம் எதுவும் தரவில்லை.'

அந்த உள்ளூர்ப் பெண் என் அம்மா. படித்ததும் வந்த ஆத்திரத்தில் கைப்பேசியைச் சுவரில் எறிந்திருப்பேன். புதுசாயிற்றே என்று மெத்தைமேல் எறிந்தேன்.

அம்மா அதைச் சொன்னபோது நான் நாலாம் வகுப்பு. நாகர்கோவிலில் இருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊர் நடுவில் மிஷனரிகள் காலத்துக் கோயில், அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். மதில் கிடையாது, மாடுகள் இஷ்டத்துக்குக் கேறி மேயும். தோட்டத்துக் கிழக்கு மூலையில், புன்னை மரத்தடியில் ஒரு கல்லில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். 'லூசிண்டா ஹேல், இயேசுவுக்குள் நித்திரையடைந்தார்.' வேறொன்றும் இல்லை. அங்கே கிடப்பவள் என் அம்மாவின் பூட்டி, அதாவது கொள்ளுப்பாட்டி. ஈஸ்டருக்கு முந்தின நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் புல் செதுக்கி, மேடைக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். அடித்துக்கொண்டே கதையும் சொல்லுவாள்.

பூட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாந்திபேதி வந்து வீட்டில் எல்லாரும் போய்விட்டார்கள். வரப்பில் உட்கார்ந்து அழுதவளை யாரோ தூக்கிக்கொண்டு போய், வெள்ளைக்காரர்கள் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதியில் விட்டார்கள். அந்த விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் துணிக்கும் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்துவிடுவார்கள். அனுப்புகிற புண்ணியவாளருக்கு ஒரு சந்தோஷம் வேண்டாமா? அமெரிக்காவில் லூசிண்டா ஹேல் என்றொருத்தி, தன் கோழிகள் ஞாயிற்றுக்கிழமை இடுகிற முட்டைகளைத் தான் தொடாமல் விற்று அனுப்பினாளாம். அப்படித்தான் எங்கள் பூட்டி லூசிண்டா ஹேல் ஆனாள். அதிலும் அவள் முதல் ஆள் இல்லை. அதே பெயரில் அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்து காய்ச்சலில் செத்துப் போயிருந்தது. பாய் காலியாகக் கிடந்தது, பெயரும் காலியாகக் கிடந்தது, இரண்டையும் இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டு, இவள் திரும்பிப் பார்த்தால் அன்றைக்குக் கஞ்சி கிடையாது. இந்த இடம் வரும்போது அம்மா சுண்ணாம்பு மட்டையை அழுத்தி அழுத்தி இழுப்பாள். எனக்கு முட்டைகள்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு பிள்ளையை வளர்க்க எத்தனை முட்டை வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

பூட்டி வளர்ந்து அதே விடுதியில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். கலியாணம் கட்டி, பிள்ளைகள் பெற்று, வயசாகிச் செத்தாள். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரி ஒருத்திதான் அந்தக் கல்லை வைத்தது. பூட்டியின் நினைவாக அம்மா எனக்கு லூசிண்டா என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் 'ஏட்டி லூசு' என்று கூப்பிட்டு என் உயிரை எடுத்தார்கள், அது வேறு கதை.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் எங்கள் பக்கம் சுற்றியபோது அந்தக் கல்லைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அது எப்படியோ அமெரிக்காவில் லூசிண்டா ஹேலின் அக்கா வழிக் கொள்ளுப்பேத்தி ஒருத்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. புருஷன் செத்த கொஞ்ச காலத்துக்குப் பிறகு லூசிண்டா எங்கே போனாள் என்று தெரியாமல் அந்தக் குடும்பமே தேடிக்கொண்டிருந்ததாம். கல்லில் பெயரைப் பார்த்ததும் அவள் மிஷன் வேலைக்கு இந்தியாவுக்கு வந்துவிட்டாள் என்று முடிவு கட்டி, எங்கள் சபைக்கு எழுதிக் கேட்டார்கள்.

பதில் எழுதியவர் சபைச் செயலாளர். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலத்தில் எழுதக் கிடைக்கிற சந்தர்ப்பத்தை விடமாட்டார். ஆமாம், அந்த அன்னை இங்கே வந்துதான் எங்களுக்கு வெளிச்சம் காட்டினார், இன்றைக்கும் அவர் நினைவாக எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம் என்று எழுதினார். அந்தப் பிள்ளைகள் என்பது நான் ஒருத்திதான். பூட்டி யாரென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சொந்த அத்தை அவளிடம் தையல் படித்தவள். கல்லறைத் தோட்டத்துக்கு மதில் கட்டித் தருகிறோம் என்று அங்கிருந்து பதில் வந்ததும், அவருக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாமல் போய்விட்டது.

இதற்கெல்லாம் சரி சொன்ன சபைக் கமிட்டியில் அப்பாவும் இருந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

'எனக்க பூட்டியைத் தூக்கி எவளுக்கோ குடுத்திட்டு வந்திருக்கியளா?' என்று அம்மா கேட்டாள்.

அப்பா சாயாத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, 'அவிய எவ்வளவு தூரத்திலயிருந்து வாறாவ. மாடு கேறி எல்லாத்தையும் மிதிக்கி. மதிலு வந்தா உங்க பூட்டிக்கும்தான நல்லது. ஒரு பேருதான, போவட்டும்' என்றார்.

'ஒரு பேருதானா? அப்பம் உங்க அப்பனுக்க கல்லறையைக் காட்டிக் குடுங்க.'

அப்பா சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா செயலாளர் வீட்டுக்குப் போனாள், போதகர் வீட்டுக்கும் போனாள். ஊரார் ஐயர் என்று கூப்பிடுகிற அந்தப் போதகர் புதிதாக வந்தவர், செயலாளர் சொல்வதற்கெல்லாம் ஆமென் சொல்லிப் பழகியவர். அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர் என்பதால் இரண்டு வீட்டிலும் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, மரியாதையாக அனுப்பி வைத்தார்கள்.

அறுப்புப் பண்டிகையன்று அந்த அமெரிக்கக்காரி வந்து இறங்கினாள். நல்ல உயரம், முகமெல்லாம் வெயிலில் சிவந்து, பார்க்கிறவர்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். நான் புதுப் பாவாடை கட்டி அவளுக்கு மாலை போட்டு, வரவேற்புப் பாட்டில் முதல் அடியைத் தனியாகப் பாடினேன். செயலாளர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, என் பெயரைச் சொன்னார். அந்தம்மாள் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்து, ஒரு பொம்மை வண்டி கொடுத்தாள். மரத்தில் செய்த மாட்டுவண்டி, மேலே வெள்ளைத் துணிக் கூண்டு. அன்றைக்கு ஊரில் என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது. என்னை லூசு என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தன் லூசிண்டாவைப் பற்றி அவள் பேசினாள், செயலாளர் தமிழில் சொன்னார். மாட்டுவண்டியில் மாசக்கணக்காக மேற்கே போனாளாம். புல்தரை மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினாளாம். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக நின்று ஓநாயை விரட்டினாளாம். ஓநாய், செயலாளர் வாயில் வரும்போது சிங்கமாகிவிட்டது. 'மாட்டு வண்டியில போறது ஒரு பெரிய காரியமா?' என்று எனக்குப் பின்னால் ஒருவர் கேட்டார்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விட்டார்கள். எங்கள் பண்டிகையில் அதுதான் முக்கியமான இனம். வாழைக்குலை, பலாச் சக்கை, தேங்காய் எல்லாம் போனபிறகு, ஒரு கூடை முட்டை வந்தது. அந்தம்மாள் துள்ளி எழுந்து, கை தூக்கி, கூடையை விடாமல் ஏலம் எடுத்தாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் லூசிண்டாவும் ஞாயிற்றுக்கிழமை முட்டைகளை இப்படித்தான் ஆண்டவருக்கென்று ஒதுக்கி, விற்று, மிஷனுக்கு அனுப்புவாள் என்று சொன்னாள். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா பெண்கள் பக்கத்தில், தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். முட்டை என்றதும் நிமிர்ந்துவிட்டாள். அம்மா முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கதை பொய்யில்லை என்று அந்த வெள்ளைக்காரி வாயாலேயே வந்துவிட்டதே.

எல்லாரும் பாடிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். புன்னை மரத்தடியில் கண்ணாடியாகப் பளபளக்கிற கறுப்புக் கல் நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்து இந்த மண்ணுக்காகவே உயிரைக் கொடுத்த அன்னை என்று இரண்டு மொழியிலும் வெட்டியிருந்தார்கள். பழைய கல்லைக் காணோம். பிற்பாடு தெரிந்தது, அதைப் பெயர்த்து, ஊர் கூடிச் சாப்பிடுகிற அசனப் பந்தலின் குழாயடியில் போட்டிருந்தார்கள். சேறு படாமல் நின்று கை கழுவ வசதியாக.

போதகர் ஜெபத்துக்குத் தலை குனிந்த நேரத்தில் அம்மா முன்னால் வந்தாள். செயலாளர் வாயைத் திறப்பதற்குள் ஆங்கிலத்திலேயே பேச ஆரம்பித்தாள். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது, மீதியைப் பெரியவளான பிறகு அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே கிடப்பது என் பூட்டி, என்னைப் போலக் கறுப்பு, உங்கள் லூசிண்டாவின் முட்டையில் வளர்ந்தவள், அதற்காக அவள் பெயரைச் சுமந்தவள் என்று அம்மா சொன்னாள். உங்கள் லூசிண்டா இந்த நாட்டை மிதித்ததே இல்லை, மறுகலியாணம் செய்து பெயர் மாறியிருப்பாள், அங்கேயே தேடுங்கள் என்றும் சொன்னாள். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

அந்தம்மாள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் அன்பாக, 'அப்படியானால் இவளுடைய சொந்தப் பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன? சொல்லுங்கள், இந்தக் கல்லில் அதையும் வெட்டச் சொல்கிறேன்' என்றாள்.

அம்மா வாயைத் திறந்தாள். ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாள் தலையைச் சாய்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். மாட்டுக்குக்கூடப் பெயர் வைத்துக் கூப்பிடுகிற ஊரில், ஒரு பிள்ளையின் பெயரைக் கஞ்சிக்குப் பயந்து விழுங்க வைத்துவிட்டு, இத்தனை தலைமுறை கழித்து வந்து அதைச் சொல் என்கிறாள். எங்கே போய்ச் சொல்வது?

'டீச்சரே, சோறு ஆறுது. ஐயர் ஜெபம் பண்ணட்டும்' என்றார் செயலாளர். உடனே பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் பாடினார்கள், என் குரல்தான் அதில் உரக்கக் கேட்டிருக்கும். பாட்டு நடுவிலேயே அம்மா திரும்பி நடந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மனப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை வகுப்பில் முழித்துக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றுவிட்டாளே என்றுதான் தோன்றியது. மற்றப் பிள்ளைகளின் பெயரெல்லாம் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லுகிற டீச்சருக்குத் தன் பூட்டியின் பெயர் வராதா? அசனத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வண்டியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பண்டிகைச் சேலையை மாற்றாமல் அடுக்களையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

'அம்மா, உனக்கு அந்தப் பேரு மறந்து போச்சா?' என்று கேட்டேன்.

பளாரென்று ஒரு அறை விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் அம்மா என்னை அடித்ததில்லை. வண்டி கைதவறி விழுந்து அதன் கூண்டு கழன்றது. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று ஓவென்று அழுதேன். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து வந்தாள். என் முகத்தைத் துடைத்துவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். 'லூ' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

'மக்கா, வா' என்றாள்.

அன்றிலிருந்து சாகிறவரைக்கும் அம்மா என்னை, எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையையும் கூப்பிடுகிற மாதிரி, மக்கா என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு அப்போது என்ன தெரியும்? பூட்டியின் பெயர் மறந்த மாதிரி என் பெயரும் அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று பயந்துபோனேன். மறுநாள் காலையில் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் லூசிண்டா என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதி, அம்மா எழுந்ததும் கண்ணில் படுகிற மாதிரி அரிசிப் பானைமேல் வைத்தேன்.