மடித்துப் போட்ட சீட்டு

பெண்களின் வாக்குரிமை வரலாறு பற்றி யாழ்ப்பாணத்தில் கண்காட்சி வைத்திருந்தோம். வருபவர்கள் புள்ளடி போட்டுப் பழக, மாம்பழம், பலாப்பழம் என்று சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டும் ஒரு பெட்டியும் என் பொறுப்பில் இருந்தன.

குருநகரில் மீன் விற்கும் அம்மா ஒருவர் சந்தை முடிந்த கையோடு வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். சீட்டோடு மறைப்புக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். "பழத்துக்குப் போடுறதுக்கு இவ்வளவு யோசனையோ அம்மா?"

"ஓம் பிள்ளை. இவ்வளவு காலமும் மனிசன் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டனான். இனி நானே யோசிச்சுப் போடப்போறன். நீ அங்காலை பார்."

மாலையில் பெட்டியைத் திறந்தேன். நாலாக மடித்த ஒரு சீட்டில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அதை மட்டும் நான் விரித்துப் பார்க்கவில்லை.